ரீசார்ஜுக்கு முன் போட வேண்டிய கணக்கு

ரீசார்ஜ் செய்யப் போகும்போது கடைக்காரர் கேட்டாலும் செயலி கேட்டாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: ஒரு நாளைக்கு எத்தனை ஜிபி? ஒன்றா, ஒன்றரையா, இரண்டா என்று நாமும் பதில் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் நம்மில் பெரும்பாலானோர் நெட்டை நாள் கணக்கில் செலவழிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு படம் பார்த்தால் ஒரேயடியாகத் தீர்ந்துபோகும். வேலை நாளில் அலுவலக வைஃபையில் இருந்தால் நூறு எம்பிகூடச் செலவாகாது. நம் செலவு மாதக் கணக்கில் ஓடுகிறது, விற்பனை நாள் கணக்கில் நடக்கிறது. இந்தப் பொருத்தமின்மையில்தான் வீட்டுக்கு வீடு காசு கரைகிறது. ஆகவே திட்டத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பு, ஒரு சிம்முக்காக நாம் கொடுக்கும் பணத்தை மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே இந்த அத்தியாயம் சொல்ல வருவது. எண் உயிரோடு இருப்பதற்கு ஒரு விலை, பேசுவதற்கு ஒரு விலை, நெட்டுக்கு ஒரு விலை. மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, மேலே 'நாளொன்றுக்கு 2 ஜிபி' என்று எழுதி ஒட்டும்போது, எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

நாள் கணக்கு எப்போதும் இருந்த ஒன்றல்ல. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ சேவை தொடங்கும்வரை, ஒரு ஜிபியை மாதம் முழுக்கப் பார்த்துப் பார்த்துச் செலவழித்த காலம் அது. 'நெட் ஆஃப் பண்ணு' என்பது அன்று வீட்டில் அடிக்கடி கேட்ட சொல். பிறகு முதலில் இலவசம், அடுத்துத் தினமும் ஒரு ஜிபி என்று வந்தபோது மற்ற நிறுவனங்களும் அதே அச்சில் திட்டங்களை வார்த்தன. அன்றைய விலைக்கு அது தள்ள முடியாத பேரம்தான். மிஞ்சினாலும் பெரிய நஷ்டமில்லை. ஆனால் விலை அங்கேயே நிற்கவில்லை. ஜியோவில் 28 நாளைக்கு, தினமும் ஒன்றரை ஜிபி தரும் திட்டத்தின் வரலாற்றை மட்டும் பாருங்கள்: 2018இல் 149 ரூபாய், 2019 டிசம்பர் உயர்வில் 199, 2021 டிசம்பரில் 239, 2024 ஜூலையில் 299. அதே பொருள், ஆறே ஆண்டில் விலை இரட்டிப்பு. மற்ற தனியார் நிறுவனங்களும் இதே மூன்று கட்டங்களில் ஏற்றின. 149 ரூபாயில் பாதி டேட்டா வீணானபோது யாரும் கவலைப்படவில்லை. 299 ரூபாயில் பாதிக்கு மேல் வீணாகும்போது, ஒரு வீட்டில் அப்படி நான்கு சிம் இருக்கும்போது, அது கணக்குப் பார்க்க வேண்டிய தொகை. (இனி வரும் விலைகள் எல்லாம் 2024 ஜூலை உயர்வுக்குப் பிந்தையவை. நீங்கள் படிக்கும் நாளில் மாறியிருந்தால் அந்த எண்களை இட்டுக் கணக்கை மறுபடி போடுங்கள். வழி மாறாது.)

முதலில் உங்கள் தேவையை அளந்துகொள்ள வேண்டும். அனுமானம் இங்கே உதவாது. 'நான் ரொம்ப நெட் பார்ப்பேன்' என்று நினைப்பவர் பலரும் வீட்டு வைஃபையில் பார்ப்பதையும் சேர்த்தே நினைக்கிறார்கள். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் நெட்வொர்க் பகுதியில் டேட்டா யூசேஜ் என்றோ அதை ஒத்த பெயரிலோ ஒரு பக்கம் இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி இடம் சற்று மாறும். செட்டிங்ஸின் தேடல் கட்டத்தில் 'டேட்டா' என்று தட்டினால் வந்துவிடும். அதில் மொபைல் டேட்டாவையும் வைஃபையையும் தனித்தனியாகக் காட்டும். மொபைல் டேட்டாவை மட்டும் பாருங்கள். சுழற்சி எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று அங்கேயே மாற்றிக்கொள்ளலாம், அதை ரீசார்ஜ் செய்த தேதிக்கு வைத்துவிட்டால் கணக்கு நேராக இருக்கும். ஐபோனில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அங்கே 'கரன்ட் பீரியட்' என்று காட்டும் எண் மாதம் பிறந்தால் தானாகப் பூஜ்யத்துக்குத் திரும்பாது. கடைசியாக எப்போது ரீசெட் செய்தோமோ அன்றிலிருந்து கூடிக்கொண்டே வரும். இரண்டு வருடத் தொகையைப் பார்த்து ஒரு மாதச் செலவென்று மிரண்டுவிடக் கூடாது. இன்று ரீசெட் செய்து, நான்கு வாரம் கழித்துப் பாருங்கள்.

அந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரியும். உதாரணத்துக்கு நான்கு வார மொத்தம் 11.8 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். பட்டியலின் உச்சியில் யூடியூப் 6.1, அடுத்து இன்ஸ்டாகிராம் 2.9, வாட்ஸ்அப் 1.2, குரோம் 0.7, பிளே ஸ்டோர் 0.5, மற்றதெல்லாம் சேர்த்து 0.4. 'போன் இல்லாமல் ஒரு நாள் ஓடாது' என்று நாம் எதற்காகச் சொல்கிறோமோ அந்த வேலைகளெல்லாம் கடைசி 0.4க்குள் அடங்கிக் கிடக்கும்: பணம் அனுப்புவது, ரயில் டிக்கெட், மேப், வங்கி, மின்கட்டணம். அவசியமானது மிகக் குறைந்த டேட்டா கேட்கிறது. அதிகம் கேட்பது வீடியோ மட்டுமே. பாட்டுக் கேட்பதுகூட நாம் அஞ்சும் அளவுக்கு இல்லை. 160 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேரப் பாட்டு 72 எம்பிதான். வீடியோவில் எவ்வளவு நேரம் பார்க்கிறோம் என்பதைவிட எந்தத் தரத்தில் பார்க்கிறோம் என்பது செலவைத் தீர்மானிக்கிறது. நெட்ஃபிளிக்ஸ் தன் பயனர்களுக்குச் சொல்லும் கணக்குப்படி, மணிக்குக் குறைந்த தரத்தில் 0.3 ஜிபி, நடுத்தரத்தில் 0.7, ஹெச்டியில் 3 வரை. இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் ஒன்றை நடுத்தரத்தில் பார்த்தால் ஒன்றே முக்கால் ஜிபி. ஹெச்டியில் அதே படம் ஏழரை. ஆறு அங்குலத் திரையில், பஸ்ஸில் போய்க்கொண்டே பார்க்கும்போது அந்த வித்தியாசம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியப்போவதில்லை. ஆகவே பெரிய திட்டத்துக்கு மாறும் முன் செயலிக்குள் வீடியோ தரத்தை ஒரு படி இறக்கிப் பார்ப்பது நல்லது. அதோடு வாட்ஸ்அப்பில் படமும் வீடியோவும் மொபைல் டேட்டாவில் தானாக இறங்குவதை நிறுத்திவிடுங்கள், செயலிகள் வைஃபையில் மட்டும் அப்டேட் ஆகும்படி மாற்றிவிடுங்கள். இரண்டும் ஐந்து நிமிட வேலை.

இப்போது அந்த 11.8 ஜிபியைத் திட்டத்தோடு பொருத்திப் பார்ப்போம். தினம் ஒன்றரை ஜிபி என்றால் 28 நாளில் 42 ஜிபி வாங்குகிறோம், கால் பங்குக்குச் சற்று மேலே பயன்படுத்துகிறோம். ஒரு ஜிபி ஏழு ரூபாய்தானே என்று தோன்றும், ஆனால் உண்மையில் பயன்படுத்திய ஜிபிக்கு 25 ரூபாய் கொடுத்திருக்கிறோம். இதைவிட வருத்தம் தருவது, இதே ஆள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று ஜிபி தேவைப்பட்டபோது ஒன்றரையில் நின்றுபோய், 19 ரூபாய்க்கோ 22 ரூபாய்க்கோ ஒரு ஜிபி கூடுதல் பேக் போட்டிருப்பார் என்பது. முப்பது ஜிபி வீணாய்ப் போன மாதத்திலேயே பற்றாக்குறையும் வந்திருக்கிறது. மாத மெஸ்ஸில் டோக்கன் வாங்கியவர் ஊருக்குப் போன நாட்களின் சாப்பாடு, திரும்பி வந்து பசிக்கும் நாளில் இரண்டாவது தட்டாகக் கிடைக்காது அல்லவா, அதே ஏற்பாடுதான் இது. நள்ளிரவு 12 மணிக்கு மிச்சம் அழிந்துவிடும். இந்தக் குறையை உணர்ந்தோ என்னவோ சில திட்டங்களில் சலுகை வைத்திருக்கிறார்கள். வோடஃபோன் ஐடியாவின் சில ப்ரீபெய்டு திட்டங்களில் வார நாளில் மிஞ்சியதைச் சனி, ஞாயிறில் எடுத்துக்கொள்ளலாம், நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை பார்ப்பது கணக்கில் சேராது. போஸ்ட்பெய்டில் மிச்சத்தை அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோகும் திட்டங்களும் உண்டு. வார இறுதியில் மட்டும் படம் பார்க்கும் குடும்பத்துக்கு, தினசரி அளவைக் கூட்டுவதைவிட இவை பயன்தரும்.

'சின்னத் திட்டத்தில் ஜிபிக்கு விலை அதிகம், பெரியதில் மலிவு, அப்புறம் ஏன் சின்னது?' என்று கேட்பவர்கள் உண்டு. ஜிபி விலை சரியான கணக்குதான், வாங்கிய அனைத்தையும் பயன்படுத்துகிறவருக்கு. மற்றவருக்கு ஒப்பிட வேண்டிய எண் ஒரு நாள் விலை. திட்டத்தின் விலையை வேலிடிட்டி நாட்களால் வகுத்தால் அது கிடைக்கும். 299 ரூபாயை 28ஆல் வகுத்தால் நாளுக்கு 10 ரூபாய் 68 காசு. மொத்தமே 2 ஜிபி தரும் 189 ரூபாய்த் திட்டம், நாளுக்கு 6 ரூபாய் 75 காசு. ஏர்டெலில் 84 நாளைக்கு 7 ஜிபி தரும் 548 ரூபாய்த் திட்டம், நாளுக்கு 6 ரூபாய் 52 காசு. வீட்டிலும் வேலையிடத்திலும் வைஃபை உள்ளவர் வெளியில் செலவழிப்பது மாதம் இரண்டு, மூன்று ஜிபி என்றால், நாளுக்கு நான்கு ரூபாய் மிச்சம் பிடிக்கலாம். ஆண்டுக்கு அது 1,400 ரூபாயைத் தாண்டும். 28 நாள் என்ற அளவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மாதம் ஒருமுறை ரீசார்ஜ் செய்வதாக நாம் நினைத்துக்கொண்டிருக்க, ஆண்டுக்குப் பதின்மூன்று முறை செய்கிறோம். 2022 ஜனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் திட்டம் ஒன்றையும் மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றையும் கட்டாயம் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. ஜியோவின் 319 ரூபாய்த் திட்டம் அப்படி வந்ததுதான். பன்னிரண்டு முறை போட்டால் 3,828. அதே ஒன்றரை ஜிபிக்கு 299ஐப் பதின்மூன்று முறை போட்டால் 3,887, அதுவும் 364 நாளைக்கு. வித்தியாசம் பெரிதில்லை. ஆனால் சம்பளத் தேதியையொட்டிச் செலவைத் திட்டமிடுகிறவருக்குத் தேதி நகராமல் இருப்பதே ஒரு நிம்மதி. கடையில் இந்தத் திட்டத்தைத் தானாக யாரும் எடுத்துக் காட்டமாட்டார்கள், கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

இரண்டாவது ஆட்சேபம் பயத்திலிருந்து வருவது: நடுவழியில் நெட் தீர்ந்துவிட்டால்? நியாயமான பயம்தான். ஆனால் எந்த மாதத்துக்காகத் திட்டம் வாங்குகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். வருடத்தில் ஒரு மாதம் ஊர்ப்பயணத்திலோ ஆஸ்பத்திரியிலோ கழியலாம், அப்போது செலவு எகிறலாம். அந்த ஒரு மாதத்துக்காகப் பதினோரு மாதம் பெரிய திட்டத்துக்குக் கட்டுவது தேவையில்லை. வழக்கமான மாதத்தின் செலவோடு கால் பங்கு கூட்டி அதற்கேற்ற திட்டம் எடுத்துக்கொள்ளுங்கள், மீறும் நாளுக்கு டேட்டா பேக் இருக்கிறது. டேட்டா பேக் வாங்கும்போது வேலிடிட்டியை மட்டும் கூர்ந்து பாருங்கள். சில பேக் அன்று நள்ளிரவோடு முடிந்துவிடும், சில மாதம் முழுக்க நிற்கும், விலை அருகருகே இருக்கும். இன்னொன்று, தினசரித் திட்டங்களில் அளவு தீர்ந்ததும் நெட் அடியோடு நிற்பதில்லை, பெரும்பாலும் 64 கேபிபிஎஸ் வேகத்துக்கு இறங்கும். அந்த வேகத்தில் வீடியோ ஓடாது, வாட்ஸ்அப்பில் எழுத்துச் செய்தி போகும், பொறுமை இருந்தால் பணமும் அனுப்பலாம். மொத்த அளவுத் திட்டங்களில் இந்த மெதுவோட்டம் கிடைக்காமல் போகலாம். தீர்ந்தபின் என்ன ஆகும் என்பதைத் திட்ட விவரத்தில் படித்துவிட்டு வாங்குங்கள்.

இதையெல்லாம் சொல்லும்போது, தினசரித் திட்டமே தவறு என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வைஃபை இல்லாத விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவி, தினமும் இரண்டு மணி நேரம் வகுப்பு வீடியோ பார்க்கிறார் என்றால் நடுத்தரத்திலேயே 1.4 ஜிபி ஆகிவிடும். அவருக்குத் தினம் ஒன்றரை அல்லது இரண்டு ஜிபி அளந்து தைத்த சட்டை மாதிரிப் பொருந்தும், அதைக் குறைக்கச் சொல்வது படிப்பைக் குறைக்கச் சொல்வதாகும். வீட்டில் வேறு இணைப்பே இல்லாமல் ஒரு போனின் ஹாட்ஸ்பாட்டில் மூவர் ஓட்டும் குடும்பத்துக்கும் அப்படியே. டிராய் வெளியிடும் காலாண்டு அறிக்கைகளின்படி, இந்தியாவில் மொபைல் டேட்டா பயன்படுத்துபவரின் சராசரி மாதத்துக்கு 20 ஜிபியைத் தாண்டியிருக்கிறது. இதைக் காட்டி 'எல்லாருக்கும் அவ்வளவு வேண்டும்' என்று வாதிடலாம். ஆனால் சராசரி என்பது இப்படி மொபைலையே வீட்டு இணைப்பாக வைத்திருப்பவரையும், வாட்ஸ்அப் மட்டும் பார்க்கும் பெரியவரையும் கூட்டி வகுத்த எண். அது நாட்டின் கணக்கு. உங்கள் போனுக்கான கணக்கு உங்கள் போனிலேயே இருக்கிறது.

5ஜி பற்றிய ஆசையும் இங்கே குறுக்கே வரும். 2024 ஜூலைக்குப் பிறகு அளவில்லா 5ஜி வேண்டுமானால் பொதுவாகத் தினம் 2 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட திட்டம் போட வேண்டும். ஜியோவில் அது 349 ரூபாய். 50 ரூபாய் கூடக் கொடுத்தால் அளவில்லாமல் கிடைக்கிறதே என்பது வலுவான வாதம்தான், சில பேருக்கு முற்றிலும் சரியும்கூட. ஆனால் அந்த அளவில்லாமை 5ஜி சிக்னலில் நிற்கும்வரைதான். போன் 4ஜிக்கு இறங்கிய நொடியிலிருந்து தினசரி அளவு கழியத் தொடங்கும். ஆகவே கேட்க வேண்டியது, நீங்கள் வீடியோ பார்க்கும் அந்த நாற்காலியில், அந்த அறையில் 5ஜி நிலையாக வருகிறதா என்பது. தெருவில் வருவதும் வீட்டுக்குள் வருவதும் ஒன்றல்ல. போனும் பொருந்த வேண்டும். ஜியோவின் 5ஜி 4ஜியைச் சாராமல் தனித்து இயங்கும் வகை. 5ஜி என்று பெட்டியில் போட்டிருந்தும் அந்த வகைக்கு ஒத்துவராத பழைய போன்கள் உண்டு. போனும் சிக்னலும் இரண்டும் சரியாக இருந்து, வீட்டில் வேறு இணைப்பு இல்லையென்றால், 349 ரூபாய் நல்ல செலவு. இரண்டில் ஒன்று தவறினாலும் பெயருக்குத்தான் 5ஜி.

இனி, எண்ணை உயிரோடு வைத்திருக்கும் விலைக்கு வருவோம். என் பார்வையில் அதிக அநியாயம் நடந்துவந்தது இங்கேதான். பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவருக்கு நெட் எதற்கு? ஆனால் பல ஆண்டுகளாகப் பேசுவதற்கு மட்டும் என்று ஒரு நல்ல திட்டம் கிடைக்காமல், அவர் ஒருபோதும் தொடாத டேட்டாவுக்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். 2024 டிசம்பர் 23 தேதியிட்ட திருத்த ஒழுங்குமுறையில், பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான திட்டம் ஒன்றாவது ஒவ்வொரு நிறுவனமும் தர வேண்டும் என்று டிராய் கட்டளையிட்டது. சிறப்புத் திட்டங்களின் வேலிடிட்டி உச்சவரம்பை 90 நாளிலிருந்து 365 நாளாகவும் உயர்த்தியது. 2025 ஜனவரியில் திட்டங்கள் வந்தன. ஏர்டெல் 84 நாளைக்கு முதலில் 499 என்று அறிவித்து, விலைகளை ஆராயப்போவதாக ஆணையம் சொன்னபின் சில நாளிலேயே 469க்கு இறக்கியது. ஜியோ 458லிருந்து 448க்கு வந்தது. ஏர்டெலில் ஓராண்டுக்கு 1,849 ரூபாய், அதாவது நாளுக்கு ஐந்து ரூபாயை ஒட்டி. தினம் ஒன்றரை ஜிபியோடு 84 நாளைக்கு 859 ரூபாய் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவரை 469க்கு மாற்றினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,700 ரூபாய் மிஞ்சும். முதியோர் உதவித்தொகையில் காலம் தள்ளுபவருக்கு அது ஒரு மாதத் தொகையைவிட அதிகம். அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி போனுக்குப் பிள்ளைகள்தானே தூரத்திலிருந்து ரீசார்ஜ் செய்கிறார்கள். வழக்கமாகப் போடும் திட்டத்தையே விரல் தேடிப் போகும். அடுத்த முறை ஒரு நிமிடம் நின்று, அவர் போனில் நெட் ஓடுகிறதா என்று பாருங்கள். ஒரு எச்சரிக்கை: ஜியோவுக்கு 2ஜி கிடையாது, சாதாரணப் பட்டன் போனில் ஜியோ சிம் எடுக்காது. அங்கே ஏர்டெல், வோடஃபோன் ஐடியா, பிஎஸ்என்எல் ஆகியவற்றில்தான் தேட வேண்டும்.

வங்கிக்கும் ஆதாருக்கும் கொடுத்த பழைய எண்ணை இரண்டாவது சிம்மாகப் போட்டு வைத்திருப்பவருக்கும் இந்தப் பேச்சுத் திட்டமே ஏற்றது. அதைவிடக் குறைவாக, ரீசார்ஜே செய்யாமல் எவ்வளவு நாள் வைத்திருக்கலாம் என்பதற்கு விதி இருக்கிறது. அழைப்பு, எஸ்எம்எஸ், டேட்டா எதுவுமே பயன்படுத்தாமல் 90 நாள் கிடந்தால்தான் ப்ரீபெய்டு எண்ணைத் துண்டிக்கலாம். அப்போதும் மெயின் பேலன்ஸில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு 30 நாள் நீட்டிக்க வேண்டும் என்பது டிராய் 2013இல் கொண்டுவந்த ஏற்பாடு. ஆனால் எண் பதிவில் இருப்பது வேறு, அதற்கு ஓடிபி வருவது வேறு. திட்டத்தின் வேலிடிட்டி முடிந்தபின் இன்கமிங் நின்றுபோகலாம். துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள், உங்கள் வங்கி ஓடிபி அவர் போனில் ஒலிக்கும். வங்கிக் கணக்கோடு இணைந்த எண்ணில் இந்த 20 ரூபாய் விதியை நம்பி மிச்சம் பிடிக்க வேண்டாம்.

குடும்பமாகக் கணக்குப் போட்டால் வேறொரு வழி தெரியும். நான்கு பேரும் 299 போட்டால் 28 நாளுக்கு 1,196 ரூபாய். மாறாக வீட்டுக்கு 399 ரூபாயில் தொடங்கும் 30 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு ஒன்று எடுத்தால் 18 சதவீத ஜிஎஸ்டியோடு 471. அதில் 28 நாள் பங்கு 439 ரூபாய். போன்களுக்கு 189 ரூபாய்த் திட்டம் நான்கு, 756. கூட்டினால் 1,195. ஒரு ரூபாய்தான் வித்தியாசம்! ஃபைபர் எடுத்தால் காசு மிச்சம் என்று பொதுவாகச் சொல்வது அப்படியே உண்மையில்லை என்பது இதில் தெரிகிறது. ஆனால் நால்வரும் 349 போடுகிற வீடானால் ஆண்டுக்கு 2,600 ரூபாய் வரை குறையும். வீட்டில் பட்டன் போன் ஒன்று இருந்து அது பேச்சுத் திட்டத்துக்கு மாறினால் இன்னும் குறையும். டிவியும் பிள்ளைகளின் பாடமும் அதே இணைப்பில் ஓடும். மூன்று பேருக்குக் குறைந்த வீட்டில், அதிகம் வெளியிலேயே இருக்கும் ஆட்கள் என்றால், ஃபைபர் வேண்டாம்.

ஆண்டுத் திட்டம் எடுக்கலாமா என்பது நிறையப் பேர் கேட்கும் கேள்வி. நாள் விலை குறைகிறது என்பதோடு, விலை உயர்வு வரும்போது முன்பே கட்டியவருக்கு வேலிடிட்டி தீரும்வரை பழைய விலைதான். 2024 ஜூன் கடைசியில் ரீசார்ஜ் செய்தவர்களுக்கு அந்த ஆதாயம் கிடைத்தது. எதிர்ப்பக்க நியாயம் என்னவென்றால், ஓராண்டுக்கு ஒரே நிறுவனத்தோடு கட்டுண்டுவிடுகிறோம், இடையில் வேறு நிறுவனத்துக்கு மாறினால் மிச்ச வேலிடிட்டியும் பேலன்ஸும் கூட வராது. தமிழ்நாட்டுக்கு இது ஏட்டுப் பாடமில்லை. கோவையிலிருந்து வளர்ந்து இந்த மாநிலத்தில் வீடுதோறும் இருந்த ஏர்செல், 2018 பிப்ரவரியில் டவர்கள் அணைந்து, மாதக் கடைசியில் திவால் மனு போட்டபோது, லட்சக்கணக்கானோர் சிக்னலும் இல்லாமல் எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளவும் முடியாமல் தவித்தார்கள். இன்று மிஞ்சியிருக்கும் நிறுவனங்கள் அதேபோல் கவிழும் என்று சொல்ல வரவில்லை. வீடு மாறலாம், வேலை மாறலாம், டவர் மோசமாகலாம். எனவே ஒரு நிறுவனத்தின் சிக்னலை வீட்டிலும் வேலையிடத்திலும் மூன்று மாதம் பார்த்து, டேட்டா அளவும் பொருந்துகிறது என்று தெரிந்தபின் ஆண்டுத் திட்டத்துக்குப் போகலாம். அதுவரை 84 நாள் திட்டம் நடுவழியாக உதவும். 2016 டிசம்பரில் வர்தா புயலுக்குப் பின் சென்னையில் போன்கள் ஊமையாகிக் கிடந்ததைப் பார்த்தவர்கள், இரட்டை சிம் போனில் இரண்டையும் ஒரே நிறுவனத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் அறிவார்கள்.

சிக்னலைத் தெரிந்துகொள்ள இப்போது ஒரு வழி கூடியிருக்கிறது. 2024இல் வந்த சேவைத்தர விதிகளின்படி, எந்த இடத்தில் 2ஜி, 4ஜி, 5ஜி எது கிடைக்கும் என்ற வரைபடத்தை நிறுவனங்கள் தங்கள் தளத்தில் வெளியிட வேண்டும். அதில் உங்கள் தெருவைப் பாருங்கள், பிறகு பக்கத்து வீட்டுக்காரரையும் கேளுங்கள். வரைபடம் சுவருக்குள் வராது.

நிறுவனத்தையே மாற்றுவதென்று முடிவானால், 'PORT' என்று ஆங்கிலத்தில் அடித்து ஓர் இடைவெளி விட்டு உங்கள் எண்ணை எழுதி 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். எஸ்எம்எஸ் இல்லாத சிறிய திட்டம் என்று சொல்லி இதைத் தடுக்க முடியாது. பேலன்ஸ் எவ்வளவு இருந்தாலும் 1900க்கு அனுப்ப விட வேண்டும் என்று 2021 டிசம்பரிலேயே டிராய் உத்தரவிட்டிருக்கிறது. இப்போதைய நிறுவனத்துக்கு வந்து 90 நாள் ஆகியிருக்க வேண்டும், சிம் தொலைந்து மாற்றியிருந்தால் ஏழு நாள் பொறுக்க வேண்டும். பதில் எஸ்எம்எஸ்ஸில் வரும் குறியீடு தமிழ்நாட்டில் நான்கு நாள் செல்லும். அதற்குள் அடையாள அட்டையோடு புதிய நிறுவனத்தின் கடைக்குப் போனால், மாநிலத்துக்குள் மூன்று வேலை நாளில் மாறிவிடும். பழைய சிம்மில் சிக்னல் போனதும் புதியதைப் போட வேண்டும். இடையில் சில மணி நேரம் எதுவும் வராது. அன்று வாடகை, பள்ளிக் கட்டணம் போன்ற பணப் பரிமாற்றத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். புது சிம்மைப் பார்த்ததும் யுபிஐ செயலி மறுபதிவு கேட்கும், அதற்கு உங்கள் போனிலிருந்து ஓர் எஸ்எம்எஸ் வெளியே போக வேண்டும். புதிய நிறுவனத்தில் முதல் ரீசார்ஜ் செய்யும்போது அந்தத் திட்டத்தில் எஸ்எம்எஸ் உண்டா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள்.